மூன்று நாள் அனுமதி

ஆசிரம விருந்தினர் இல்லம்,
குற்றாலம்,
வெள்ளிக்கிழமை.

மைத்துனர் மணிமுத்து அவர்களுக்கு,

சிவனணைந்தபெருமாள் எழுதுவது. ஷார்ஜாவில் நீயும் ஸ்ரீதேவியும் பிள்ளைகளும் சுகம் என்று நம்புகிறேன். உன் எண்ணை அன்றைக்கே அழித்துவிட்டேன். இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவது என் மகள் வித்யாலட்சுமி. ஏழு வருடம் கழித்து எழுதுகிறானே என்று தள்ளிவிடாதே. இது உன் அக்கா விஷயம்.

பத்து நாள் தியான முகாம் என்று வந்த இசக்கிசெல்வி நான்கு மாதமாக இங்கேயே இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நிரந்தரவாசியாகப் பெயர் கொடுக்கிறாளாம். அதன்பிறகு மேலகரத்து வீடு அவளுக்கு வீடில்லை. அழைத்துப்போக வந்தேன். விருந்தினருக்கு மூன்று நாள்தான் அனுமதி, ஒன்று முடிந்துவிட்டது.

சாரல் நிற்கவில்லை. துவைத்த வேட்டி காயவில்லை. குரங்குக்குப் பயந்து ஜன்னலில் கம்பிவலை அடித்திருக்கிறார்கள். அதற்குள் நான் நடந்துகொண்டிருக்கிறேன். இருபத்தைந்து வருடம் கல்லூரியில் வரலாறு நடத்தியவனுக்குப் பூசணிக்காய் நறுக்கும் சேவை. பக்கத்திலிருந்த கடையத்துக்காரர் பிச்சையா, "சார்வாள், நறுக்குதியளா, பழி வாங்குதியளா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பந்தியில் பேசக்கூடாது. வேண்டியவர் கை காட்ட வேண்டும். நேற்று மதியம் சாம்பார் வாளியோடு அவளே வந்தாள். நான் இலையைப் பார்த்தபடி இருந்தேன். இருபத்தாறு வருடத்தில் அவளிடம் சாம்பார் கேட்டதில்லை. தானாக வந்து விழும். கை காட்டாததால் அடுத்த இலைக்குப் போய்விட்டாள். வெறும் சோற்றைத் தின்று எழுந்தேன்.

மாலையில் கால்மணி நேரம் பேச அனுமதித்தார்கள். "மழையில நனைஞ்சா வந்திய?" என்று கேட்டாள். உனக்கு என்ன குறை என்றேன். "கொறைன்னு ஒண்ணுமில்ல. தம்பி பால்காய்ப்புக்கு விடல. அம்மா கெடையில கெடந்தப்பவும் விடல. அன்னைக்கெல்லாம் அழுதேன். இப்ப அழுகை வர மாட்டேங்குது" என்றாள். பஸ் நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

உன் புதுவீட்டுப் பால்காய்ப்பு அழைப்பிதழில் என் பெயரை விட்டது நீ. அச்சகத்தான் தவறு என்றாய். சகலையின் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் எப்படி வந்தது? நான் மறக்கவில்லை, மறக்கப்போவதுமில்லை. ஆனால் உன் வாசலை அவள் மிதிக்கக்கூடாது என்றது நான். அத்தை கீழப்பாவூரில் உன் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார் என்பதற்காகக் கடைசிவரை அனுப்பவில்லை. உயிர் போன பிறகுதான் போனாள். நான் மட்டும் போகாமல் இருந்திருக்கலாம். இதை யாரிடமும் சொன்னதில்லை.

நாளை மாலை நான்கு மணிக்கு ஆசிரம அலுவலகத்துக்குப் போன் போட்டு அவளைக் கூப்பிடு. எண் பின்பக்கம் இருக்கிறது. நீ என்றால் வருவாள். வீட்டுக்குப் போ என்று சொல்லாதே. எனக்காகப் பரிந்தும் பேசாதே, அது நமக்குள் வேண்டாம். என்மேல் கோபம் இருக்கிறதா என்று மட்டும் கேள். கொஞ்சம் இருக்கிறது என்றாலும் உடனே எனக்குச் சொல். ஞாயிறு காலை எட்டு மணிவரை இங்கேதான் இருப்பேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசி.

உன் அத்தான்,
சிவனணைந்தபெருமாள்