மூன்றாம் நிலையத்துக்குத் தெரிந்திருந்தது

நாள் 212. காலை 07:10
செவ்வாய், வடதுருவப் பனிச்சுரங்கம், நான்காம் நிலையம். எழுதுவது பிலோமினா, காற்று – நீர்ப் பொறியாளர். உருக்கிய பனி 410 லிட்டர். பிராணவாயு உற்பத்தி இயல்பு. வெளியே மைனஸ் 81 டிகிரி. பணியில் இருவர்: நானும் துளையிடும் எந்திரத்தைக் கவனிக்கும் தில்லைநாயகமும்.

தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை. இது 'கற்கும் நிறுவனம்' ஆண்டாம். ஐந்து நிலையங்களும் தலா ஒரு புதுமையை அனுப்ப வேண்டும். முதலிடம் பெறும் நிலையத்தார் அடுத்த கப்பலிலேயே ஊர் திரும்பலாம். மற்றவர்களுக்கு இன்னும் இரண்டு வருஷம். தில்லை அண்ணாச்சி அதை மூன்று முறை படித்தார்.

நாள் 219. மாலை 03:40
வெளிக் கொட்டகையில் பிராணவாயுத் தொட்டியின் பெரிய வால்வு திறக்கவில்லை. அண்ணாச்சி போனார். ரேடியோவில் அவர் சொன்னது: "பிலோமி, உப்புப் படிஞ்சு இறுகிக் கெடக்கு. ஸ்பானரால ரெண்டு போடு போட்டேன், தொறந்துட்டு."

நிலையங்களின் பொதுச் செய்திப் பலகையில் கேட்டேன்: யாருக்காவது இப்படி ஆனதுண்டா? மற்ற நான்கு நிலையங்களும் படித்ததற்கான குறி விழுந்தது. பதில் வரவில்லை.

நாள் 223. காலை 11:05
அண்ணாச்சி இறந்துவிட்டார்.

11:50
ஒழுங்காக எழுத வேண்டும். 10:20க்கு வால்வு மறுபடி இறுகியது. அவர் போனார். கடைசியாகக் கேட்டது: "இன்னும் ஒரே ஒரு போடு, வந்துரும். நீ டீயப் போடு." 10:31க்கு வால்வின் கழுத்து முறிந்தது. மூடி தெறித்து அவருடைய தலைக்கவசத்தை உடைத்தது. தொட்டி முழுவதும் காலி. உற்பத்திக் குழாயும் பிய்ந்துவிட்டது. சரிசெய்யப் பாகம் இல்லை. உள்ளே எனக்கு மூன்று நாளைக்குக் காற்று இருக்கிறது.

அவரை நானே இழுத்து வந்தேன். கையிலிருந்து ஸ்பானரை எடுக்க முடியவில்லை. அப்படியே படுக்க வைத்திருக்கிறேன்.

மாலை 04:30
நான் அனுப்பிய விபத்துச் செய்தியைப் பார்த்து மூன்றாம் நிலையத்து முபாரக் அழைத்தான். அங்கே அவனுக்கும் என் வேலைதான்.

"அக்கா, வண்டி எடுத்துட்டேன். வந்துட்டு இருக்கேன். அஞ்சு நாளாவும்."

மூன்று நாள்தான் என்று அவனுக்கும் தெரியும். அப்புறம் சொன்னான்:

"அந்த வால்வ அடிக்கவே கூடாதுக்கா. இருபது நிமிஷம் சூடு காட்டுனா உப்பு எளகிடும். கையாலயே தொறக்கலாம். எங்களுக்கு ரெண்டு மாசமாத் தெரியும்."

"நான் கேட்டேனேடா. ஏன் சொல்லல?"

"போட்டிக்குன்னு வச்சிருந்தோம். நான் இங்க வந்தப்புறம் பொறந்த புள்ளக்கா. இன்னும் ஒரு தடவகூடத் தூக்கல."

அழுதான். வாயில் வந்தபடியெல்லாம் அவனை வைதேன்.

நாள் 224. காலை 09:00
அவனை வைய எனக்குத் தகுதி இல்லை.

காற்றைச் சுத்தம் செய்யும் வடிகட்டியை மெதுவாக, குறைந்த சூட்டில் உலர்த்தினால் இரண்டு மடங்கு நாள் உழைக்கும். ஆறு வாரத்துக்கு முன்பே கண்டுபிடித்தேன். ஐந்தாம் நிலையத்தில் வடிகட்டி போதாமல் எல்லாருக்கும் தலைவலி என்று பலகையில் எழுதியிருந்தார்கள். படித்தேன். குறி விழுந்திருக்கும். எனக்கும் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அண்ணாச்சியிடம்கூடச் சொல்லவில்லை.

09:40
பொது அலையைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் வால்வு. அப்புறம் வடிகட்டி. யார் ஒளித்தார்கள் என்பதையும், என்னைச் சேர்த்துத்தான். இந்தக் குறிப்பேட்டையும் ஐந்து நிலையங்களுக்கும் திறந்துவிட்டேன். எழுத எழுத அவர்கள் படிக்கலாம்.

மதியம் 12:30
முதலில் இரண்டாம் நிலையம் குழாய் உறையாமல் காக்கும் வழியைச் சொன்னது. அடுத்து முதலாம் நிலையம். இதுவரை பதினொரு விஷயங்கள். ஒவ்வொன்றும் எங்கேயோ ஒருவர் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. ஐந்தாம் நிலையத்தின் சௌந்தரி வடிகட்டியை உலர வைத்துவிட்டாள். "தலவலி கொறைஞ்சா சொல்றேன்க்கா" என்றாள். என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

தலைமையகச் செய்தி: "முன்கூட்டியே வெளியிட்டவை போட்டிக்கு ஏற்கப்படமாட்டா."

நாள் 225. மாலை 05:00
படுத்தே இருக்கிறேன். அசைந்தால் காற்று செலவு. முபாரக் மணிக்கொரு தடவை பேசுகிறான். நிற்காமல் ஓட்டுகிறானாம். பிள்ளையின் பெயரைக் கேட்டேன். நஸ்ரின். நல்ல பெயர்.

நாள் 226. காலை 10:15
அண்ணாச்சியின் உடையிலுள்ள சிலிண்டரில் இன்னும் ஆறு மணி நேரக் காற்று. கழற்றி எடுத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி.

மாலை 03:50
விரல் சொன்னபடி கேட்கவில்லை. சௌந்தரி கேட்டாள்: "அக்கா, சிரமமா இருந்தா வேணாம். எங்க காத்துப் பம்புல காலையிலேர்ந்து ஒரு கீச்சுச் சத்தம். உங்களுக்கு இப்படி வந்திருக்கா?"

வந்திருக்கிறது. பேச மூச்சு இல்லை. எழுதுகிறேன்.

03:58
சௌந்தரி, பம்பில் காதை வைத்துக் கேள். சத்தம் அடியிலிருந்து வந்தால் பேரிங் தேய்மானம். ஒரு வாரம் தாங்கும். பயப்படாதே.

04:06
மேலேயிருந்து வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதே. எல்லாரையும் கூப்பிட்டு உடனே