அலசிய வலை

பிப்ரவரி 9, திங்கள்

பெரிய தொட்டியில் நான் வருடக்கணக்காக வளர்க்கும் கோமாளி மீன் காலையில் பாறையில் உடம்பைத் தேய்த்தது. வெள்ளைப் புள்ளி நோய். அந்த நோயோடு வந்த புது மீனைத் தனித் தொட்டியில் அடைத்துத்தானே வைத்திருக்கிறேன்? மாலையில்தான் புரிந்தது. என் மனைவியின் தம்பி ஏழுமலை தனித் தொட்டியின் குப்பையைக் கைவலையால் எடுத்தான். உடனே அந்த வலையைப் பெரிய தொட்டியில் அலசினான்.

“தினமும் இப்படித்தானாடா?”

“வலைய அலசாம ஆணில மாட்டுவாங்களா மாமா?”

“அம்மை போட்ட பையனோட துண்டை வகுப்புக்கே கொடுப்பியா?”

“மீனுக்கு இன்னா பள்ளிக்கூடமா நடத்துற? கடல்ல எல்லாம் ஒண்ணாத்தான் கெடக்குது.”

“கடல்ல ஒதுங்க இடம் இருக்கு. இங்க நாலு கண்ணாடிதான். இனி என் வீட்டுப் படி ஏறாதே.”

அவன் அக்கா அப்போதிலிருந்து என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். கோமாளி மீன் தீனியைத் தொடவில்லை. கைவலை ஆணியில் தொங்குகிறது, சுத்தமாக.