மிஸ் ஆக்ராய்ட் வீட்டுச் சுவர் ஓட்டை

ஹாலிஃபாக்ஸ்,
13 நவம்பர் 1994, ஞாயிறு

அன்பு மகள் ரோஸ்லினுக்கு,

நான் நலம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்கப்போவதில்லை; கேட்டால் பதிலில் அதற்கு மட்டும் பதில் இருக்காது. தெருமுனை டெலிபோன் பெட்டியை மறுபடி உடைத்துவிட்டார்கள், அதனால் கடிதம்தான். பார்க்கின் கேக் சுட்டேன். இஞ்சி கூடிவிட்டது. பாதியை உனக்கென்று தகர டப்பாவில் வைத்திருக்கிறேன்.

மிஸ் ஆக்ராய்ட் வெள்ளி மதியம் வரை ஹாரகேட்டில் தங்கை வீட்டில் இருக்கிறார். பூனையைக்கூடப் பக்கத்து வீட்டில் விட்டாயிற்று. வெள்ளி காலை நான் வீடு துடைக்கப் போகும்போதே கேஸ் பாய்லரைப் பற்றவைத்து, அவர் வருவதற்குள் வீட்டைச் சூடாக்கி வைக்க வேண்டும்.

அவர் என்னைப் பாராட்டியதை எழுதினேனா? சமையலறையில் பாய்லருக்குப் பக்கத்துச் சுவரில் வலை போட்ட ஓட்டை ஒன்று உண்டு. அதன் வழியாகக் காற்று ஊசியாய்க் குத்தும். அக்டோபரில் அவருடைய பழைய கம்பளிச் சட்டையைச் சுருட்டி, பிசிறுகூட வெளியே தெரியாமல் அதை அடைத்தேன். "இந்த வீட்டுக்கு வந்த எந்த ஆம்பளைக்கும் இது தோணல பாரு, பெரில்" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வருவதே பெரிது.

ஆனால் இப்போதெல்லாம் அந்த வீடு எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. செவ்வாயும் வெள்ளியும் போனால் பத்து மணிக்குள் தலைவலி, வயிற்றுப் புரட்டல். வேலை முடிந்து பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிடம் நின்றால் போய்விடுகிறது. வயசு என்கிறார் மிஸ். அவரும் பகலெல்லாம் நாற்காலியிலேயே தூங்கிவிழுகிறார். ஜன்னல் கண்ணாடிகளில் உள்பக்கம் தண்ணீர் வழிகிறது, எத்தனை முறைதான் துடைப்பது? பூனைக்கும் திமிர், சமையலறைப் பக்கம் வருவதே இல்லை. பாய்லர் மட்டும் குறைவில்லாமல் எரிகிறது. சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மெழுகுவர்த்தி மாதிரி மஞ்சளாக, பார்க்கவே அழகு.

உன்னை விசாரித்தார். கேஸ் கம்பெனி ஆபீசில் இருக்கிறாய் என்றேன். கோபப்படாதே. நீ பல்கலைக்கழகத்தில் சேர அவர்தானே தலைமை ஆசிரியையாகக் கடிதம் எழுதித் தந்தார்? வேதியியல் படித்த பெண் கண்டவர் வீட்டு அலமாரிக்குள் தலையை விட்டு பாய்லர் பார்க்கிறாள் என்று அவரிடம் எந்த முகத்தோடு சொல்வேன்? நீ யார் வீட்டுத் தரையிலும் மண்டியிடக் கூடாது என்றுதான் நான் முப்பது வருஷம் மண்டியிட்டேன்.

கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள்.

அன்புடன்,
அம்மா


நியூகாசில்,
15 நவம்பர், செவ்வாய்

அன்புள்ள அம்மா,

மற்றதெல்லாம் பிறகு. வெள்ளிக்கிழமை அந்த பாய்லரைப் பற்றவைக்காதே.

பஸ் ஸ்டாப்பில் போய்விடும் தலைவலி, பகல் தூக்கம், கண்ணாடியில் வழியும் தண்ணீர், மஞ்சள் சுடர். உன் கடிதத்தில் இவை ஒன்றன்பின் ஒன்றாக வந்ததும் முதலிலிருந்து மறுபடி படித்தேன். வீட்டுக்காரம்மாவிடம் கேட்டு அவர் போனிலிருந்து மிஸ் வீட்டுக்கு மூன்று முறை அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. அவர் இன்னும் வரவில்லை என்பதே எனக்கு ஆறுதல்.

சுடர் நீலமாக இருக்க வேண்டும், அம்மா. காற்று போதாவிட்டால்தான் மஞ்சளாகும். அப்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. புகைபோக்கி வழியாக மேலே போகவேண்டியது அறைக்குள்ளேயே இறங்குகிறது. அதற்கு வாசனை கிடையாது, மூக்கை நம்பாதே.

அடுத்த வரியை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். அந்த ஓட்டை கொத்தனார் மறந்துவிட்டுப் போனது அல்ல. அந்தக் காலத்து பாய்லர் சமையலறைக் காற்றை எடுத்துத்தான் எரியும். அந்தக் காற்று வருகிற வழி அது. அரைகுறையாக அடைத்திருந்தால் கொஞ்சமாவது உள்ளே வந்திருக்கும். நீ எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாய்.

வெள்ளி காலை போனதும் ஜன்னல்களையும் பின்கதவையும் திற. படிக்கட்டுக்குக் கீழே மீட்டர் பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். குழாயோடு நேராக நிற்பதைக் குறுக்காகத் திருப்பு. பிறகு டைரக்டரி முதல் பக்கத்தில் இருக்கும் கேஸ் அவசர எண்ணுக்கு மிஸ்ஸின் போனிலேயே அடி. துணியை நீ பிடுங்காதே, வருகிறவர் அது இருக்கிறபடியே பார்க்கட்டும். மிஸ் சத்தம் போடுவார். போடட்டும்.

மண்டியிடுவது பற்றி. ஆமாம், மண்டியிடுகிறேன். போன வாரம் ஒரு வயதான தம்பதி வீட்டில் டார்ச்சோடு ஒரு மணி நேரம் முழங்காலில் இருந்தேன். "மெக்கானிக் எப்பம்மா வருவார்?" என்று தாத்தா கேட்டார். நான்தான் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அந்த பாய்லரில் 'அபாயம், பற்றவைக்காதே' என்ற சிவப்பு அட்டையைக் கட்டி, அதில் தெளிவாகக் கையெழுத்துப் போட்டேன். அவர்கள் இன்று உயிரோடு டீ குடிக்கிறார்கள். என் பட்டம் அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது.

தயவுசெய்து பற்றவைக்காதே.

உன்
ரோஸ்லின்


ஹாலிஃபாக்ஸ்,
20 நவம்பர், ஞாயிறு

என் தங்கம் ரோஸ்லினுக்கு,

உன் கடிதம் வியாழன் காலை வந்தது. துணி விஷயத்தைப் படித்துவிட்டு உன்மேல் கோபம் வந்தது. பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் என்மேல் வந்துவிட்டது.

வெள்ளி நீ எழுதியபடியே செய்தேன். கைப்பிடி இறுகிக் கிடந்தது, இரண்டு கையாலும் திருப்பினேன். பதினோரு வருஷமாகத் தூசி மட்டும் தட்டிய அந்த போனை முதல் முறையாகக் காதில் வைத்தேன்.

கேஸ்காரருக்கு முன்னால் மிஸ் வந்துவிட்டார், ஒரு மணி நேரம் முன்னதாக. வீடு பனிக்கட்டி, கதவெல்லாம் திறந்து கிடக்கிறது.

"பெரில், உனக்குப் பித்துப் பிடிச்சிருக்கா? போன வருஷம்தான் ஒரு ஆள் வந்து பாத்துட்டுப் போனான். உடனே பத்த வை."

"மாட்டேன், மிஸ்."

அந்த வார்த்தையை அந்த வீட்டில் நான் சொன்னதே இல்லை. வேலை போனது என்றே நினைத்தேன். அவர் கோட்டைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பின்கதவருகில் நின்றுகொண்டேன்.

கேஸ்காரர் வந்து எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, கதவு ஜன்னலை மூடி பாய்லரை ஏற்றினார். பிறகு புகையும் குச்சி ஒன்றை அதன் தலைப்பக்கம் பிடித்தார். தோட்டத்திலிருந்து கண்ணாடி வழியாக மிஸ்ஸும் நானும் பார்த்தோம். மேலே போகவேண்டிய புகை திரும்பி, அவர் முகத்துக்கே வந்தது. துணியைப் பிடுங்கிவிட்டு மறுபடி பிடித்தார். அப்போதும் பாதி திரும்பியது. உள்ளே கரி அப்பிக் கிடந்ததாம். இருபத்து மூன்று வருஷத்து பாய்லர், இனி இதைத் தொடவே கூடாது என்று சிவப்பு அட்டை கட்டினார்.

துணியைத் தூக்கிக் காட்டி, "இத யாரு அடச்சது?" என்றார். மிஸ் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். பாவம், காட்டிக்கொடுக்க அவருக்கு மனசில்லை.

"நான்தான்" என்றேன்.

"மீட்டர மூடினது?"

"அதுவும் நான்தான்."

அவர் சிரித்தேவிட்டார். "நீங்க இத ஏத்தியிருந்தா அந்தம்மா இந்நேரம் நாற்காலியிலயே தூங்கியிருப்பாங்க. எழுந்திருக்க மாட்டாங்க. யாரு சொல்லித் தந்தா உங்களுக்கு?"

"என் பொண்ணு. நியூகாசில்ல பாய்லர் பாக்குறா. கடுதாசியப் படிச்சே கண்டுபிடிச்சிட்டா."

மிஸ் நிமிர்ந்தார். "ஆபீஸ்ல இருக்கான்னு சொன்னியே?"

"பொய் சொன்னேன், மிஸ்."

அவர் கோட்டுக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு, "புதுசு வைக்க அவளையே வரச்சொல்லு, பெரில்" என்றார்.

"அவளுக்கு நேரம் இருக்கான்னு கேட்டுச் சொல்றேன்" என்றேன். என்னமாய்ச் சொன்னேன் தெரியுமா! நீ கேட்டிருக்க வேண்டும்.

தலைவலி இல்லை. மிஸ் மருத்துவரிடம் போய்வந்தார். புதிது வரும்வரை ஹாரகேட்டில்தான் இருப்பார். எப்போது வருகிறாய் என்று எழுது.

டப்பாவில் பார்க்கினுக்கு அடியில், தரை தேய்க்கும்போது முட்டிக்கு அடியில் போடும் என் ரப்பர் மெத்தை இருக்கிறது. பழையதுதான், புதிதுக்கு இந்தப் பதம் வராது. இடது முழங்காலுக்கு மடித்துப் போட்டுக்கொள்.

டப்பா பார்சலின் மேலே 'ரோஸ்லின் பூத்ராய்ட், கேஸ் மெக்கானிக்' என்று எழுதி, அதை நேற்றே தபால் அலுவலகத்தில் கொடுத்தேன். கவுண்டர் பெண் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "உங்க மகளா?" என்றாள். பின்னால் ஏழு பேர் நின்றார்கள். இன்னொரு முறை படிக்கச் சொன்னேன்.

உன்
அம்மா