குரலுக்குச் சொந்தக்காரி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அந்த டிவி விளம்பரத்தைப் பற்றி நான் செய்தி அனுப்பியதிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. அதனால்தான் காகிதம். இதை சைலண்டில் போட முடியாது.

இங்கே எல்லாரும் நலம். தொண்டை ஆபரேஷன் தழும்பு ஆறிவிட்டது. பேச்சு வருகிறது, தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி. பாட்டு இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு அழுது முடித்தாயிற்று.

இப்போது வயிறு எரிவது வேறு விஷயத்துக்கு. டிவியில் கழிவறை கழுவும் திரவத்தை விற்றுக்கொண்டிருந்தது என் குரல். நான் பாடவே பாடாத பாட்டு. மேலே போகும்போது லேசாக மூக்கில் ஏறுமே, அதுகூட அப்படியே இருந்தது. எனக்குக் குரல் திரும்பிவிட்டதென்று அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். நான் வாயை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டாள்.

மாடி அறையில் மெத்தையைச் சுவரில் சாய்த்துவைத்துப் பதிவுசெய்தோமே, அந்தப் பாட்டுகளை இணையதளத்தில் ஏற்றும்போது நீ படிக்காமல் 'சம்மதம்' தட்டினாய். அந்த நிபந்தனைகளை எதிர்வீட்டு வக்கீலிடம் காட்டினேன். ஏற்றிய பாட்டிலிருந்து கம்ப்யூட்டரில் அதே குரலைத் தயாரித்து அவர்கள் யாருக்கும் வாடகைக்கு விடலாமாம். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பார்கள். பாட்டைக் கொடுத்தோம், தொண்டையையே பிடுங்கிக்கொண்டார்கள்.

தளத்துக்காரர்களுக்கு எழுதிக் கேட்டேன். குரல் என்னுடையதுதான் என்று நிரூபிக்க, கேமரா முன்னால் நாலு வரி பாடி அனுப்பச் சொல்கிறார்கள். செருப்பைக் கழற்றலாம் என்றால் எதிரே ஒரு முகம்கூட இல்லை.

"வெட்டி ஒட்டாத ஒரிஜினல் இருந்தா கொண்டாம்மா, மோதிப் பாத்துடலாம்" என்கிறார் வக்கீல். அது உன் பழைய கம்ப்யூட்டரில் இருக்கிறது. பாட்டு தொடங்குமுன் நீ மைக்கை இடித்துத் தள்ளியதற்கு உன்னை எருமை என்று திட்டுவேனே, அந்தப் பகுதியோடு வேண்டும்.

உன்மேல் கோபம் இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். நிறைய இருக்கிறது. வழக்கு தோற்றாலும் தோற்கட்டும், உன்னை வாய்நிறையத் திட்டும் அந்தக் குரலை ஒருதரம் கேட்கவேண்டும். அதை எந்தத் தளத்திலும் ஏற்றி அனுப்பாதே. நீயே கையில் எடுத்துக்கொண்டு வா. வந்தால் இந்தத் தகரக் குரலிலும் திட்டுவேன், உட்கார்ந்து கேட்கவேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. நன்றாக இரு.

உன்
அக்கா