அக்காவின் நம்பருக்கு ஒரு பூட்டு

ஜூலை 6, ஞாயிறு
விடிந்ததிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. பழைய லேப்டாப்பை சர்வராக மாற்றும் வேலை ஆரம்பம். என் போனில் இருக்கும் நம்பர்கள் எல்லாம் இனி என் வீட்டு சர்வரில் மட்டும். எந்தக் கம்பெனி கணக்கிலும் இருக்கக் கூடாது.

காரணம் சுதா அக்கா. புருஷனை விட்டுவிட்டு கோயம்புத்தூரிலிருந்து புனே வந்து இரண்டு மாதம். அவர் உடைத்த அவள் கை எலும்பு இப்போதுதான் கூடியிருக்கிறது. அவரை மச்சான் என்று எழுதக் கை வரவில்லை. அந்த ஆள். சாங்வியில் என் வீடு அந்த ஆளுக்குத் தெரியும், அதனால் அக்கா விஷ்ராந்த்வாடியில் லேடீஸ் ஹாஸ்டலில். புது சிம். ஹாஸ்டல், அவள் ஆபீஸ், நான். வேறு யாரிடமும் நம்பர் கிடையாது. அம்மாவிடம்கூட.

ஜூலை 8, செவ்வாய்
சர்வர் ஓடுகிறது! எனக்கே நம்ப முடியவில்லை.

பட்டியலைச் சுத்தம் செய்தேன். பிளம்பர் நிக்டி. பெரியப்பா திருப்பூர். கேஸ் சாங்வி. சித்தப்பா அவினாசி (போய்ச் சேர்ந்து மூன்று வருடம், அழிக்க மனசில்லை). எங்கள் வீட்டில் யாரையும் ஊர் சேர்க்காமல் எழுத மாட்டோம். ஏழு செந்தில் இருக்கும் குடும்பத்தில் வேறு வழியும் இல்லை.

என் போனோடு, பார்சல்காரர்களுக்கு நம்பர் கொடுக்க வைத்திருக்கும் பழைய போனையும் சர்வரில் சேர்த்தாயிற்று. இரண்டிலும் ஒரே பட்டியல். அக்காவிடம் பெருமையடித்தேன்.

"எனக்கு இதெல்லாம் புரியாதுடா. நீ பாத்துக்குவயில்ல?"

பார்த்துக்கொள்வேன் என்றேன்.

ஜூலை 10, வியாழன்
லிஃப்டில் பக்கத்து வீட்டு அம்மாள்: "பாவுஸ் தாம்பதச் நாஹி." மழை நிற்கவே மாட்டேன் என்கிறதாம். ஆமாம் என்று தலையாட்டினேன்.

சாயங்காலம் அம்மா போன். "அவ சாப்படறாளா கண்ணு? ஒருக்கா பேசோணும் சாமி." அக்காவைக் கான்ஃபரன்ஸில் சேர்த்தேன். இரண்டு பேரும் அழுதார்கள்.

வாங்க: பருப்பு, கொசுவத்தி, வைஃபை ரூட்டருக்கு அடாப்டர்.

ஜூலை 15, செவ்வாய்
மதியம் ஆபீசில் இருந்தேன். அக்கா போன்.

அந்த ஆள் கூப்பிட்டிருக்கிறான். "விஷ்ராந்த்வாடி ஹாஸ்டல் சோறு எப்படி இருக்குது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டானாம்.

நேராக ஹாஸ்டலுக்குப் போய் வார்டனிடம் கத்தினேன். நம்பரை வெளியே கொடுத்தது நீங்கள்தான் என்றேன். அந்தம்மா கண் கலங்கிவிட்டார்.

ஜூலை 16, புதன்
லீவு. வார்டன் கொடுக்கவில்லை. நான்தான்.

பழைய போனில் யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டும் ஆப் ஒன்று. பார்சல்காரர்களுக்காக எப்போதோ போட்டது. காண்டாக்ட்ஸ் பார்க்க அனுமதி கேட்டபோது சரி என்று தட்டியிருக்கிறேன். அன்று அந்தப் போனில் நாலு நம்பர்கூட இல்லை. போன வாரம் சர்வரோடு சேர்த்தவுடன் பட்டியல் முழுதும் அதில் வந்து இறங்கியது. ஆப் அள்ளிக்கொண்டு போய்விட்டது. யார் பேரைப் போட்டுத் தேடினாலும் நம்பர் காட்டும் ஆப் அது; அந்த ஆளும் அதில்தான் தேடியிருக்கிறான்.

தேடிப் பார்த்தேன். "சுதா விஷ்ராந்த்வாடி ஹாஸ்டல்." நான் தட்டியது தட்டியபடி. நம்பரும் கொடுத்து, விலாசமும் கொடுத்திருக்கிறேன். ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்திருந்தால் அவள் இன்று நிம்மதியாக இருந்திருப்பாள்.

சாப்பிடவில்லை.

ஜூலை 17, வியாழன்
வார்டனிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஹாஸ்டல் வாசலில், குடைக்குள் நின்று அக்காவிடம் சொன்னேன். எல்லாம்.

"அப்ப நீ அந்தப் போனுல ஏத்தாம இருந்திருந்தா?"

"அவனுக்குத் தெரிஞ்சிருக்காதுக்கா."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். "உன்னைய நம்பித்தான்டா இவ்வளவு தூரம் வந்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஜூலை 20, ஞாயிறு
தூறல். அக்கா ஹாஸ்டலைக் காலி செய்கிறாள். இரண்டு பை, ஒரு வாளி. ரிக்‌ஷாவில் ஏற்றிக் கொடுத்தேன். புது சிம் வாங்கிவிட்டாளாம். நம்பர் கேட்டேன்.

"வேண்டாம்டா."

"எழுதிக்கூட வெச்சுக்க மாட்டேன்க்கா. மனசுல வெச்சுக்கறேன்."

"நீ கெட்டவன் இல்ல கண்ணு. ஆனா வேண்டாம்."

எந்த ஏரியா என்று நான் கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்தவள் வெளியே தலையை நீட்டினாள். "வண்டி எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்காத. அந்தப் பக்கம் திரும்பிக்க."

ஹாஸ்டல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.