பிடுங்காமல் விட்ட பாதி

மகளுக்கு,

இங்கு எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் பழையபடிதான்.

போன ஆவணியில் என்னைக் கேட்காமல் மூன்று பழைய ரகங்களை நம் விதைநெல்லோடு கலந்து விதைத்தாய். நான் கத்தினேன். நீ கோயம்புத்தூர் பஸ் ஏறினாய். தீபாவளிக்கும் வரவில்லை, வேலை இருந்திருக்கும்.

பயிர் ஏற்ற இறக்கமாக நின்றால் கண்டரமாணிக்கம் ஊரே சிரிக்கும் என்று, நெட்டையாகத் தெரிந்ததையெல்லாம் தேடித் தேடிப் பிடுங்கினேன். பாதி வயலோடு முழங்கால் மறுத்துவிட்டது.

கார்த்திகையில் மழை ஏமாற்றியது. நான் சுத்தம் செய்த பாதி கருகியது. பிடுங்காமல் விட்ட பாதியில் ஒரு ரகம் சோர்ந்தாலும் மற்றது நின்று விளைந்தது.

அந்த நீள வைக்கோலை, வைக்கோலில் சாப்பாட்டுத் தட்டு செய்யும் காரைக்குடி கம்பெனிக்காரர்கள் ஏற்றிப் போனார்கள்.

"அடுத்த வருசமும் இப்படியே கலந்து போடுவீகளா?" என்று கேட்டார்கள்.

"அதை எம் மகளைத்தான் கேக்கணும்" என்றேன். உன் அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

கதிர் பார்த்துப் பிரித்த அந்தப் பழைய ரகங்களின் விதைநெல் மூன்று பானைகளில் இருக்கிறது. ஆவணி பிறக்க இரண்டு வாரம்தான். எதில் எவ்வளவு கலப்பது என்று எனக்குத் தெரியாது.

அதைப் போனில் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
அப்பா