மூக்கு இருந்த இடத்தில் குழி

ஞாயிறு, இரவு.

என் மூத்த பேரன் கத்தாரில் எஞ்சினியர். இளையவன் வங்கியில். பேத்தி நிரோஷா, மரம் செதுக்கும் மெஷினுக்குத் தானாகக் கட்டளை எழுதிக் கொடுக்கும் புரோகிராம் செய்திருக்கிறாள். படத்தைக் கொடுத்தால் பலகையில் முகம் எழும்புமாம்.

இன்று என் படத்தை வைத்துத்தான் முதல் சோதனை. பலகை வைக்காமல் வெறும் காற்றில் ஓட்டியபோது ஒரு பிழையுமில்லை. தேக்கில் ஓட்டினாள். மூக்கு எழும்பவேண்டிய இடத்தில் குழி விழுந்தது.

"மேடும் பள்ளமும் மாறிப்போச்சு அம்மம்மா. மறுகா, பின்னேரமாத் திருத்துறன்."

"எனக்கு மூக்கே இல்லயெண்டு ஊருக்குக் காட்டப்போறியா புள்ள?"

காட்டியே விட்டாள். குடும்ப வாட்ஸப்பில் போட்டிருந்தாள். "அம்மம்மாட மூக்குல எவ்வளவு தண்ணி நிக்கும்?" என்று கத்தார்க்காரன் கேட்டான்.

பின்னேரம் திருத்தி வெட்டினாள். மூக்கு நிமிர்ந்து நின்றது. கொஞ்சம் பெரிதுதான், இருக்கட்டும். விடிந்ததும் அவளிடம் சொல்லவேண்டும்: வாட்ஸப்பில் இருக்கிற அந்தக் குழியை அழித்துப்போட்டு, இந்த மூக்கைப் புதிதாகப் படம் பிடித்துப் போடு.